பழைய ஸ்வெட்டரில் பின்னிய தொப்பி

அறுபது வயதுக்கு மேல்தான் நான் கம்பளி பின்னக் கற்றுக்கொண்டேன். ஐந்தாவதோடு படிப்பை விட்டவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவும் வராது. வீட்டுக்காரர் போன பிறகு அரியலூரை விட்டுப் பெரம்பலூரில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தேன். அடுத்த வீட்டில், ஊட்டியிலிருந்து மகனோடு வந்த ஓர் அக்கா இருந்தார். அவர் பக்கத்தில் பேசாமலே உட்கார்ந்திருக்கலாம், ஒன்றும் நினைக்கமாட்டார். இரண்டு கண்ணிலும் புரை. விரலால் தடவித் தடவியே பின்னுவார். என் கையைப் பிடித்து ஊசி ஓட்டக் காட்டியவரும் அவர்தான்.

பத்து நாளில் கை தானாக ஓடியது. ஒற்றை நூல்தான், பார்க்கப் பார்க்கத் துணியாகிவிடுகிறது. சோறு குழைந்து போவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருப்பேன். இந்தச் சந்தோஷம் இத்தனை வருஷம் எங்கே இருந்தது என்று தோன்றும்.

அந்தச் சமயம் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். அதற்கு முன் இரண்டு கலைந்துவிட்டன. மார்கழிக் குழந்தை என்பதால் ஒரு தொப்பி பின்ன ஆசைப்பட்டேன்.

"பெரம்பலூர்ல கம்பளியா? புள்ளைய வேக வைக்கப் போறியாம்மா?" என்று மகள் சிரித்தாள்.

பிறக்காத பிள்ளைக்கு எங்கள் பக்கம் புதுசு எடுக்கமாட்டோம். நீண்ட ஆயுசோடு இருந்தவர்கள் உடுத்திய பழந்துணியைத்தான் முதலில் போர்த்துவோம். இதை அக்காவிடம் சொன்னேன். பெட்டியிலிருந்து பழைய மெரூன் ஸ்வெட்டர் ஒன்றை எடுத்து, பிரித்துக்கொள்ளச் சொன்னார். பழசுதானே என்று வாங்கிக்கொண்டேன். யாருடையது என்று கேட்கக் கூச்சம்.

பிரித்த நூல் நெளிவு விடாமல் சுருண்டே கிடந்தது. என் பின்னல் எப்போதும் தளர்வாகத்தான் வரும். அந்த நூலில் மட்டும் இறுகி இறுகி விழுந்தது, வேறு யாரோ பின்னுவதுபோல. முடித்த அன்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். நீளமான முடி ஒன்று நூலோடு முறுக்கிக்கொண்டு சுற்றிப் போயிருந்தது. என் தலை முழுக்க நரை. அது கன்னங்கரேலென்று இருந்தது.

அக்காவிடம் கொண்டுபோனேன். விரலால் தடவிப் பார்த்தார்.

"எந்தங்கச்சி முடிதான். அவ பின்னுன ஸ்வெட்டரு. மொதப் பிரசவத்துலயே போயிட்டா. புள்ளையும் தங்கல."

நேற்று மழை பெய்தது என்பதுபோல் சொன்னார்.

அன்றே பிரித்துப் போட்டிருக்க வேண்டும். மனசு வரவில்லை. நான் முழுசாக முடித்த முதல் பொருள் அது. யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்கு எடுத்து வைத்திருந்த பையில் வைத்தேன்.

ஒரு காலையில் வலி கண்டு மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மதியம் தாண்டியும் பிள்ளை இறங்கவில்லை. வேப்பந்தட்டையிலிருந்து வந்திருந்த அவள் மாமியார் என்னைத் தனியே அழைத்தார்.

"முடிச்சுப் போட்டு வெச்சது எதுனா இருந்தா அவுத்து வுட்டுடுங்க சம்பந்தி. கட்டு இருந்தா புள்ள வராது."

பை என் மடியில்தான் இருந்தது. மாடிப்படியில் போய் உட்கார்ந்து தொப்பியை எடுத்தேன். நூல் முனை அகப்படவில்லை. பல்லால் கடித்து அறுத்தேன். பிறகு வரிசை வரிசையாகப் பிரிந்தது. பாதியில் கை ஓய்ந்து நிறுத்தினேன். நூல் நிற்கவில்லை. கீழ்ப்படிகளில் சரிந்தபடி, என் கையிலிருந்த மிச்சத்தையும் இழுத்துக்கொண்டு போனது. அதன் கனமே இழுத்திருக்கும் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டேன். எட்டிப் பார்த்தேன். படியில் ஆள் இல்லை.

நூலை அள்ளித் திணித்துக்கொண்டு மேலே போனபோது பெண் குழந்தை பிறந்திருந்தது. மகள் கண் விழித்துப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா பிள்ளை பார்க்க வந்தார். தொப்பியைப் பிரித்துவிட்டதை அவரிடம் நான் சொல்லியிருக்கவில்லை. பிள்ளை வெறுந்தலையோடு தூங்கிக்கொண்டிருந்தது. அக்கா அதன் நெற்றியிலிருந்து காதுவரை மெல்லத் தடவினார்.

"சரியா இருக்கு. காத நல்லா மூடிருக்கு," என்றார்.

பிள்ளையை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.