ஐரிஷ் பாட்டுக்கு எங்கள் பஜனைக் கோஷ்டி

தாமுவேயில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆங்கிலக் கதை படிக்கும் வட்டம் ஒன்று கூடும். நடத்துகிறவர் அயர்லாந்துக்காரம்மா. இங்கே பர்மிய மொழியில் டீச்சர்களை எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி அவரைச் சயாமா என்போம். போன மழைக்காலத்தில் அவருக்கு ஓர் ஆசை வந்தது. டவுனில் ஒரு சின்ன அரங்கில் தம் ஊர்க் கதையொன்றை வாசிக்க வேண்டும். அந்தக் கதைக்குள்ளே, கப்பலேறிப் போனவனை நினைத்து ஒருத்தி பாடும் பழைய நாட்டுப்பாட்டை யாராவது நிஜமாகவே பாட வேண்டும். நான் பாடுகிறேன் என்று வாயைக் கொடுத்தேன்.

பிறகுதான் விதிகளைச் சொன்னார். கையில் தாள் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு ஒருவரே பாட வேண்டும். மற்றவர்கள் மூச்சுக் காட்டக்கூடாது, அதுதான் அவர்கள் ஊர் மரியாதையாம். பாட்டோ ஏழு சரணம். நானோ அடுப்பில் பால் வைத்ததையே மறக்கிறவள். பாதியில் நின்றால் மானம் போய்விடும் என்று பயந்தே செத்தேன்.

என் வீட்டுக்காரர் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டைக் கோயிலில் பஜனை நடத்துகிறவர். அவர் ஓர் அடி பாடுவார், கோஷ்டியோடு சேர்ந்து நானும் அதைத் திருப்பிப் பாடுவேன். யார் பாடினாலும் எங்கள் ஆட்கள் சும்மா கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். இருந்தால் பாட்டு பிடிக்கவில்லை என்று அர்த்தம். அவர்கள் திருப்பிப் பாடுகிற நேரத்தில் நான் அடுத்த அடியை யோசித்துக்கொள்ளலாமே! கோஷ்டியையே அழைத்து முதல் வரிசையில் உட்காரவைத்தேன். பேசாமல் கேட்க வேண்டும் என்ற விதியை மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை.

நினைத்தபடியே நடந்தது. நான் ஓர் அடி பாட, பன்னிரண்டு பேர் காதில் விழுந்ததை ஜால்ராவோடு திருப்பிப் பாடினார்கள். அயர்லாந்துக் காதலி மார்கழி பஜனைக்கு வந்த மாதிரி ஆயிற்று. நாலு சரணம் தடங்கலில்லாமல் போனது. அப்போது சயாமா குனிந்து வந்து அவர்கள் காதில் ஏதோ சொல்வதை அரைக்கண்ணால் பார்த்தேன். கோஷ்டி வாயைப் பொத்திக்கொண்டது. திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான், யாரிடம் போய் முறையிடுவது?

ஐந்தாம் சரணத்தின் முதல் அடியைப் பாடினேன். இரண்டாவது அடி வரவில்லை. ஜனங்கள் அதை உருக்கம் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு அழுகை முட்டியது.

என் வீட்டுக்காரர் மட்டும், சயாமா முறைக்க முறைக்க, அந்த முதல் அடியைத் தன்னந்தனியாகத் திருப்பிப் பாடினார். மூன்று தரம் பாடினார். மூன்றாம் தரத்தில் எனக்கு அடுத்த அடி கிடைத்தது. மிச்சப் பாட்டையும் இருவருமாகவே கரை சேர்த்தோம்.

வீடு திரும்பும் பஸ்ஸில், நான் மறந்துபோனது எப்படித் தெரிந்தது என்று அவரைக் கேட்டேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"இருவது வருசமா நான் செய்யுறதத்தானே நீ இன்னைக்குச் செஞ்ச. நீங்க திருப்பிப் பாடுற நேரத்துலதான் எனக்கும் அடுத்த அடி ஞாபகம் வரும்."

ஒரே அடியை அவர் நாலு தரம் பாடவைத்த நாட்களிலெல்லாம், மனுஷருக்குப் பக்தி முற்றிவிட்டது என்று நினைத்துக் கண்ணீர் விட்டுப் பாடியவள் நான்.