ஸ்விட்ச் இல்லாத பக்கம்

எங்கள் சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கிற இயந்திரம் ஒன்று இருக்கிறது. இரண்டு கட்டில் அகலம். உள்ளே கொதிக்கிற உருளை சுற்றிக்கொண்டே இருக்கும். ஈர விரிப்பின் இரண்டு முனைகளை இரண்டு பேர் பிடித்து ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும். ஒருவர் கை பிந்தினால் துணி கோணிக்கொள்ளும். இடது பக்கச் சட்டத்தில் சிவப்பு ஸ்விட்ச். அழுத்தினால் உருளை நிற்கும். அதனால் இடது பக்கம் நிற்பவர் ஆபரேட்டர், வலது பக்கம் நிற்பவர் ஹெல்பர். மற்றபடி வேலை ஒன்றுதான், வேர்வையும் ஒன்றுதான்.

நான் இடது. பதினோரு வருஷமாக எனக்கு எதிரில் வலது பக்கம் நின்றவளைக் கூடத்தில் வலதம்மா என்பார்கள். என்னை ஸ்விட்ச் என்பார்கள். எங்களுக்குச் சொந்தப் பெயரும் உண்டு. மாதம் ஒரு தடவை சம்பளச் சீட்டில் பார்த்துக்கொள்வோம்.

வலதம்மாவுக்கு வாய் அதிகம். விரிப்பில் கறையைப் பார்த்தால் போதும். "இந்த ஆளு தேறிட்டான்ணே. வெறும் காப்பிக் கறைதான்" என்பாள். புருஷன் விட்டுப் போனதிலிருந்து அவளும் மகளும் அவளுடைய அண்ணன் வீட்டில் இருந்தார்கள். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் படுக்கை. "அவ திரும்பிப் படுத்தா நானும் திரும்பணும்ணே. ராத்திரியும் எனக்கு ஜோடி வேலைதான்" என்று சிரிப்பாள். அண்ணி மட்டும் சிரிப்பதில்லை. மகள் பரீட்சைக்குப் படிக்க விளக்குப் போட்டால், கரண்ட் பில்லைக் கொண்டுவந்து பீரோவில் ஒட்டிவைப்பாளாம்.

அந்த மாதம் அவளுக்கு ஓர் அறை அமைந்தது. ஜன்னல் வைத்த அறை. வீட்டுக்காரர் சனிக்கிழமை வரை தவணை கொடுத்திருந்தார். சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் சாவியாம்.

சீட்டு வந்த அன்று எனக்கு இடது தோள் பிடித்துக்கொண்டது. "கொஞ்ச நேரம் பக்கம் மாத்திக்கலாம்மா" என்றேன். மாறி நின்றோம். சீட்டுக் கொண்டுவந்த கிளார்க் வேலைக்குப் புதுசு. ஆள் தெரியாது. இடதுக்கு இது, வலதுக்கு இது என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அப்படியே கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

அவள் என்னுடையதைப் பிரித்தாள். நான் அவளுடையதை. எனக்கு மூன்று பங்கு என்றால் அவளுக்கு இரண்டு. கொஞ்சம் வித்தியாசம் இருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். இவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது. எனக்கா? நான் கேட்டுக்கொண்டதே இல்லை.

அடுத்த விரிப்பு கோணிக்கொண்டு போனது. அவள் கையில் துணி கோணி நான் பார்த்தது அன்றுதான்.

"நானா போட்டேன் இந்தச் சம்பளத்த?" என்று கத்தினேன். அவள் வாயே திறக்கவில்லை, நானாகத்தான் கத்தினேன்.

"நீங்க போடலண்ணே" என்றாள். "வாங்குனீங்க."

மத்தியானம் மேனேஜர் அறைக்குப் போனாள். துணைக்கு என்னையும் கூப்பிட்டாள். போகாமல் இருக்க ஒரு சாக்குத் தேடினேன், கிடைக்கவில்லை.

"சார், ரெண்டு பேரும் ஒரே துணியத்தான் புடிக்கிறோம். அவருக்குப் பாதி எனக்குப் பாதி. சம்பளம் மட்டும் ஏன் சார் அப்படி இல்ல?"

"ஸ்விட்ச் பொறுப்பும்மா" என்றார் மேனேஜர். "ஆபத்துன்னா நிறுத்தறவன் ஆபரேட்டர்."

"பதினோரு வருஷத்துல ஆபத்துக்குன்னு ஒரே தடவதான் அத அழுத்தியிருக்கு. அழுத்துனது நான்."

நான் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டேன். நடந்தது உண்மை. நான்கு வருஷத்துக்கு முன்னால் என் சட்டைக் கைநுனி விரிப்போடு உள்ளே போய்விட்டது. இடது கை மணிக்கட்டு வரை இழுத்துக்கொண்டது. வலது கைக்கு ஸ்விட்ச் எட்டவில்லை. அவள் ஈரத்துணிக் கூடையைத் தாண்டிக் குதித்து வந்து அழுத்தினாள். விபத்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டாம் என்று அவளிடம் கெஞ்சினேன். கையை உள்ளே விட்டவனுக்கு அப்புறம் யார் ஸ்விட்ச் பக்கம் தருவார்கள்? களிம்பு வாங்கி வந்து போட்டுவிட்டாள். வெளியில் மூச்சு விடவில்லை. அன்றிலிருந்து வெயில் காலத்திலும் எனக்கு முழுக்கைச் சட்டைதான்.

மேனேஜர் பதிவேட்டைப் புரட்டினார். "அப்படி ஒண்ணும் இல்லையே. ஏம்ப்பா, நடந்துச்சா?"

வலதம்மா என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த மின்விசிறி ஸ்விட்சுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பார்த்திருந்தால் பொய் சொல்லியிருப்பேனோ என்னவோ. கைப் பொத்தானைக் கழற்றி மேலே சுருட்டினேன். மணிக்கட்டைச் சுற்றித் தோல் இஸ்திரி போடாத துணி மாதிரி சுருங்கிக் கிடந்தது.

மேனேஜர் பேனாவை எடுத்தார். கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அப்ப நீ விபத்த மறைச்சிருக்க. இப்ப எழுதுறேன். எழுதுனா உனக்கு இங்க வேலை இல்ல. இடது பக்கம் காலி." அவள் பக்கம் திரும்பினார். "அந்த எடம் உனக்குத்தாம்மா. எழுதட்டுமா?"

அவளுக்கு என் வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று தெரியும். எனக்கு அந்தப் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் எவ்வளவு அகலம் என்று தெரியும். நான் தரையைப் பார்த்தேன். வேண்டாம் என்று அவள் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"அவரு எடம் எனக்கு எதுக்கு சார்?" என்றாள். "நான் நிக்கிற எடத்துக்குத்தான் கேக்குறேன்."

"அந்த எடத்துக்கு அவ்வளவுதாம்மா."

பேனாவை மூடினார். எழுதவில்லை. இனிமேல் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

திரும்பி வரும்போது நடைபாதையில், "அந்த வீட்டுக்காரர்கிட்ட நான் வேணா வந்து பேசட்டுமாம்மா?" என்றேன்.

"என்ன சொல்லுவீங்க? என் சீட்ட அவருக்குக் காட்டுவீங்களா, உங்க சீட்டையா?"

சனிக்கிழமை வந்தது, போனது. அவளுடைய சீட்டில் இருந்த தொகை வீட்டுக்காரருக்குப் போதவில்லை. ஜன்னல் வைத்த அறைக்கு வேறு யாரோ குடிவந்தார்கள்.

என் தோள் சரியாகிவிட்டது. நான் இடது பக்கம் நிற்கிறேன், அவள் வலது பக்கம். கிளார்க் இப்போது ஆள் தெரிந்துகொண்டான், சீட்டு மாறுவதில்லை. வலதம்மா கறையைப் பார்த்து எதுவும் சொல்வதில்லை. என்னை அண்ணே என்று கூப்பிடுவதும் இல்லை. துணி கோணினால், "ஆபரேட்டர், உங்க பக்கம்" என்பாள். அவ்வளவுதான்.

நானும் என் பக்கத்தை இழுத்துச் சரி செய்துகொள்கிறேன்.