வெடிக்குழி ஓரத்தில் இரண்டு கணக்கு வாத்தியார்கள்

1984 மாசி மாதம், ஒரு சனிக்கிழமை. காலை ஏழரைக்குத் திருச்சியில் பஸ் ஏறினேன். அரியலூருக்கு ஆறு ரூபாய். புள்ளம்பாடி தாண்டியதும் ரோடு முழுக்கச் சுண்ணாம்புக்கல் லாரிகள். ஜன்னலைத் திறந்தால் வாயெல்லாம் மாவு. மூடினால் வேர்வை. இதற்கு டிக்கெட் வேறு.

நான் கோயில் பார்க்கப் போகவில்லை. இரண்டு கல்லறைகளைப் பார்க்கப் போனேன். லேத் ஓட்டுகிறவன் நான். எட்டாம் வகுப்பில் கணக்கில் தோற்றுப் பள்ளியை விட்டவன். பல்சக்கரம் வெட்டத் தேவையான கணக்கை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு மலிவுப் பதிப்புப் புத்தகம். அதை எழுதியவர்கள் அண்ணனும் தம்பியும். அண்ணன் பெரம்பலூரில் வாத்தியார், தம்பி அரியலூரில். காலேஜ்காரர்கள் போட முடியாத கணக்குகூட இவர்களுக்குத் தபாலில் வருமாம். இருவரையும் சொந்த ஊரில், அரியலூருக்குக் கிழக்கே எட்டு கிலோமீட்டரில் புதைத்திருக்கிறார்கள்.

பதினொன்றேகாலுக்கு டவுன் பஸ். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆரோக்கியமேரி அந்த ஊர்க்காரர். ஆடு மேய்ப்பவர். நான் போகும் காரியத்தைச் சொன்னதும் சிரித்தார்.

“உசுரோட இருந்தப்பவே அந்த ரெண்டு பேரு கிட்ட எவனும் போவ மாட்டான். பெரம்பு பேசும். செத்தப்புறம் தேடி வர்றீங்களே அண்ணே.”

“அடி வாங்காமப் போயிட்டேன், அதான்.”

ரோட்டைச் சுற்றினால் நேரமாகும் என்று முள்காட்டு ஒற்றையடிப் பாதையில் என்னைக் கூட்டிப்போனார். கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டு, ஆட்டுப்பட்டியைப் பார்த்துவிட்டு வருவதாகப் போய்விட்டார்.

அண்ணன் கல்லறை இடுப்பு உயரம், சிமெண்டுக் கட்டடம். தலைமாட்டில் ஒரு வட்டம், அதற்குள் முக்கோணம். தம்பிக்கு வெறும் மண்மேடும் ஒரு கல் சிலுவையும்தான். சுற்றிலும் இந்தப் பக்கத்து ஓடைகளில் கிடைக்கிற, நத்தை மாதிரி சுருண்ட கற்களைப் பதித்திருந்தார்கள். அந்த மேட்டுக்கு அப்பால் எட்டிப் பார்த்தேன். பத்தடி தள்ளித் தரையே இல்லை. பனைமர ஆழத்துக்குச் சுண்ணாம்புக்கல் குழி. செத்தவர்களின் கால்மாட்டுவரை தோண்டியிருக்கிறார்கள், பாவிகள். குழிக்குள் ஓர் ஆள்கூட இல்லை. லாரியும் இல்லை. ஏன் இல்லை என்று எனக்குத் தோன்றவில்லை.

பன்னிரண்டரைக்குச் சங்கு ஊதியது. எங்கள் தொழிற்சாலையிலும் இதே நேரம், இதே ஊளைதான். சாப்பாட்டுச் சங்கு. அண்ணன் கல்லறை நிழலில் உட்கார்ந்து புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன். ஆரோக்கியமேரி முள்ளில் சேலை கிழிய ஓடிவந்தார்.

“சங்கு ஊதுனது காதுல விழல? சோறு திங்கிறீங்க?”

“சங்கு ஊதினா சோறுதானே?”

“வெடிக்குண்ணே. வெடி.”

எழுந்தேன். இரண்டாவது சங்கு ஊதியது. அவர் என் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார். “இனி ஓட முடியாது. திரி வச்சுட்டான். ஒட்டிப் படுங்க.”

குழிக்கு மறுபக்கமாக அண்ணன் கல்லறையை ஒட்டிப் படுத்தோம். தரை என் நெஞ்சில் உதைத்தது. அப்புறம்தான் சத்தம். அதற்கும் பிறகு, வானத்திலிருந்து கல் விழும் சத்தம். ஒவ்வொன்றும் விசில் அடித்துக்கொண்டு வந்தது. சிமெண்டில் மோதித் தெறித்தது. பொட்டலம் இருந்த இடத்தில் தேங்காய் அளவுக் கல். நான் என் பெண்டாட்டி பெயரைச் சொல்லிக் கத்தினேன். வெட்கமில்லை, கத்தினேன்.

அமைதியானது. எழப் போனேன். என் தோளை அழுத்தினார்.

“எல்லாம் வெடிச்சு முடிஞ்சாத்தான் மூணாவது சங்கு. அது இன்னும் ஊதல. ஏதோ ஒரு மருந்துக்குழி வெடிக்காம நிக்குது.”

எவ்வளவு நேரம் என்று தெரியாது. எறும்பு ஒன்று என் கண் அருகே புளிச்சோற்றுப் பருக்கையை இழுத்துப் போனது. ஆரோக்கியமேரி ஜெபம் சொன்னார். நடுவில் நிறுத்தி, “என் பெரிய ஆட்ட அவுத்து வுட்டுட்டேன்” என்றார். மறுபடி ஜெபம்.

அந்த மருந்துக்குழியும் வெடித்தது. எழுந்திருந்தால் என் தலை உயரத்தில் போயிருக்கும் கல், தம்பியின் சிலுவையை முறித்துப் போட்டது. கொஞ்சம் கழித்து மூன்றாவது சங்கு ஊதியது. அதற்கப்புறம்தான் எழுந்தோம்.

ரோட்டில் சிவப்புக் கொடியோடு நின்றவனிடம் கத்தினேன். அவன் நிதானமாகச் சொன்னான்: “ரோட்டுல யாரையும் வுடலயே சார். கல்லறைப் பக்கம் எதுக்குக் கொடி? அங்க இருக்குறவங்க எந்திரிச்சா ஓடப் போறாங்க?”

“நான் இருந்தேண்டா.”

“இவருகிட்ட என்ன பேச்சு, வாங்கண்ணே” என்று ஆரோக்கியமேரி என்னை இழுத்துப் போய் பஸ்ஸில் ஏற்றினார். கையில் ஒரு சுருள் கல்லைத் திணித்தார். தம்பி மேட்டில் இருந்து பெயர்ந்து விழுந்ததாம். அடுத்த மழைக்கு அந்த மேடே குழிக்குள் போய்விடும் என்றார்.

பார்க்க நினைப்பவர்கள் அதற்குள் போங்கள். பன்னிரண்டு மணிக்கு முன்பே திரும்பிவிடுங்கள்.

திங்கட்கிழமை பன்னிரண்டரைக்கு எங்கள் சங்கு ஊதியது. எல்லோரும் கை கழுவப் போனார்கள். ஃபோர்மன் குனிந்து லேத்துக்கு அடியில் பார்த்தார். “என்னய்யா, அங்க கெடந்து என்ன தேடுற?”

நட்டு ஒன்று விழுந்துவிட்டது என்றேன். மூன்றாவது சங்குக்காகக் காத்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது?