கொசுறாக வந்த குரல்

எங்கள் வீட்டில் ஒரு பெட்டி செருமியது.

இருமியது என்று நான் சொல்லவில்லை. இருமல் வேறு, செருமல் வேறு. இருமல் சீக்கு. செருமல், பேசப்போகிறவன் தொண்டையைச் சரிசெய்துகொள்வது. அந்தப் பெட்டியும் பேசத்தான் செருமியது.

பயந்த சுபாவக்காரர்கள் இந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டு ராசிபலனுக்குப் போய்விடலாம். அங்கே இதைவிடப் பயமாக இருக்கும், அது வேறு விஷயம்.

என் மாப்பிள்ளை குமரனுக்குச் சேதராப்பட்டில் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வேலை. வீட்டோடு மாப்பிள்ளை. என் மகளைத் தவிர இன்னொரு சம்சாரமும் உண்டு அவருக்கு — சிவப்பாக, ஒல்லியாக, ஆறு தந்தியோடு. கோயில் திருவிழாக் கச்சேரிகளில் எலெக்ட்ரிக் கிடார் வாசிக்கிறார்.

இந்த எலெக்ட்ரிக் கிடாரைத் தனியாக வாசித்தால் காதோரம் கொசு பாடுகிற மாதிரிதான் கேட்கும். ஆம்ப்ளிஃபயர் என்று ஒரு ஸ்பீக்கர் பெட்டி வேண்டும். அதில் ஒயரைச் சொருகினால்தான் ஊருக்குக் கேட்கும். மாப்பிள்ளை அதற்காக மூன்று வருஷமாகப் பணம் சேர்க்கிறார். ஏதோ ஒரு பெட்டிக்காக இல்லை. உள்ளே கண்ணாடி வால்வு வைத்த பெட்டி... சூடானால் தணல் மாதிரி சிவக்குமாம். போனில் போட்டோ வைத்திருக்கிறார். என் மகள் போட்டோவைவிட அதைத்தான் அதிகம் பார்க்கிறார். இதை எழுதச் சொன்னதே என் மகள்தான்.

சேர்ந்ததா? எங்கே சேர்ந்தது? ஒரு வருஷம் புயலில் கூரை ஷீட் பறந்தது. ஒரு வருஷம் பேத்திக்குக் காது குத்தினோம். தணல் போட்டோவிலேயே எரிந்துகொண்டிருந்தது.

இந்த ஆடிக் கடைசி வெள்ளி எங்கள் பிள்ளைச்சாவடி அம்மனுக்கு, பக்தர்கள் அலகு குத்திக்கொள்கிற செடல் திருவிழா, மேடைக் கச்சேரி. குழு நடத்துகிறவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சொந்தப் பெட்டியோடு வந்தால் வா, இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறேன். சொந்த ஊரில், சொந்த அம்மன் முன்னால், வேறு ஆள் வாசிப்பதா? மாப்பிள்ளை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் சொன்னேன், இப்போதைக்குப் பழசு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள் என்று.

"மட்டமானத வாங்கிட்டா மனசு அதுலயே உக்காந்துடும் அத்தை. அப்புறம் நல்லத வாங்கவே மாட்டேன்."

"நல்லதுதான் வேணும்னு காத்திருந்தா எம் பொண்ணக் கட்டியிருப்பீங்களா மாப்ள?"

என் மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். பேச்சு அத்தோடு முடிந்தது.

உழவர்கரையில் பழைய சவுண்டு சாமான் விற்கிற கடைக்கு நானும் போனேன். மாப்பிள்ளைக்குப் பேரம் பேசத் தெரியாது. ஒரு கறுப்புப் பெட்டி. ஒரு மூலையை எலி கடித்திருந்தது, முன்பக்கத் துணி தொங்கியது. மீனுக்குச் செவுளைத் தூக்கிப் பார்ப்பது போல அந்தத் துணியைத் தூக்கிப் பார்த்தேன். கடைக்காரர் பாதி விலைக்கு வந்துவிட்டார்.

விலை முடிந்தால் கிளம்பவேண்டியதுதானே? நாற்பது வருஷம் கூடையில் மீன் விற்றவள் நான். மீனை வாங்கின பிறகும் நீட்டின கையை மடக்காமல் கொசுறு கேட்டு நிற்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அந்தக் கை வந்துவிட்டது. "ஒயரு கொசுறா குடுங்க" என்றேன். அவர் மேஜைக்கடியில் கிடந்த குவியலிலிருந்து ஒரு கறுப்பு ஒயரை உருவிக் கொடுத்தார். ஒயர் முக்கியம் அத்தை, அதை மட்டுமாவது நல்லதாக வாங்கிக்கொள்வோமே என்று மாப்பிள்ளை முனகினார். சும்மா வருவதை வேண்டாமென்று சொல்கிற முதல் ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் மதியம் மூன்று மணி. எங்கள் ஊர்ப் படகுகளெல்லாம் மணலில் ஏறிப் படுத்திருக்கிற நேரம். தெருவில் நாய்கூட இல்லை.

மாப்பிள்ளை ஒயரைச் சொருகி ஸ்விட்சைப் போட்டார். பெட்டி உர்ர்... என்று உறுமியது. அவர் கை இன்னும் தந்தியைத் தொடவில்லை.

பெட்டி செருமியது. ஒரு தடவை. இன்னொரு தடவை.

அப்புறம் ஓர் ஆண் குரல். தண்ணீர்க் குடத்துக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி... என்ன பேச்சு என்று பிடிபடவில்லை. கடைசியில் மட்டும் ஒன்று தெளிவாக வந்தது. "...வரேன்... வரேன்..." திரும்பவும் உர்ர்.

மாப்பிள்ளை பெட்டியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். இந்த வீட்டில் பல்லி விழுந்தாலும் முதல் சந்தேகம் என்மேல்தான். அதற்கு நான் உழைத்திருக்கிறேன், மறுக்கவில்லை.

"அத்தை, ஒங்க வேலையா?"

நான் பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே சுவர்தான் இருந்தது. அந்த வெயிலில் என் கையெல்லாம் புல்லரித்துப்போயிருந்தது.

"இப்பச் செருமுனது யாரு பெரியம்மா?"

வாசலில் அடுத்த வீட்டு மல்லிகா. கையில் பாதி பிழிந்த புடவை. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, அது அவளுக்குத் தெரியவில்லை.

மல்லிகாவைப் பற்றிச் சொல்லவேண்டும். நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் செல்வம் தனியாகக் கடலுக்குப் போனான். ரெண்டு நாள் கழித்துப் படகு கவிழ்ந்தபடி கரைக்கு வந்தது. அவன் வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. ரேஷன் கடையோ ஓட்டுச்சாவடியோ, யார் கேட்டாலும் மல்லிகா சொல்வது ஒன்றுதான். "கடலுக்குப் போயிருக்காரு." அது பொய்யும் இல்லையே? அதனால்தான் யாராலும் அவளோடு வாதாட முடியவில்லை. பொட்டு வைப்பாள், பூ வைப்பாள், கழுத்தில் தாலி இருந்தது.

இந்த வருஷம் அவள் மகளுக்கு நல்ல இடத்திலிருந்து வரன் வந்தது. பையன் வீட்டார் ஒன்றே ஒன்று கேட்டார்கள். பெண்ணுடைய அப்பா இருக்கிறாரா, இல்லையா? பத்திரிகையில் என்னவென்று போடுவது? செல்வத்தின் அண்ணன் தணிகாசலம் கெஞ்சிப் பார்த்தார், சத்தம் போட்டுப் பார்த்தார். கடைசியில் ஆடி அமாவாசையன்று கடற்கரையில் காரியம் செய்துவிடலாம் என்றதற்கு மல்லிகா ஒரே ஒரு தடவை தலையசைத்திருந்தாள்.

செல்வம் எதைப் பேசினாலும் முதலில் ரெண்டு தடவை செருமுவான். பக்கத்து வீட்டில் உப்புக் கேட்கவும் செருமிவிட்டுத்தான் கேட்பான். இந்தத் தெருவுக்கே தெரியும்.

அன்றிலிருந்து தினமும் மூன்று மணிக்கு மல்லிகா வந்தாள். பெட்டிக்கு எதிரே தரையில் உட்கார்ந்துகொள்வாள். சில நாள் வெறும் உறுமல். சில நாள் அந்தச் செருமலும் குடத்துக்குள் பேச்சும். மாப்பிள்ளை கிடாரைத் தொடாமல் பக்கத்தில் நிற்பார். யாரோ ஒருத்தர் வீட்டுப் படுக்கையறைக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறது என்று என்னிடம் சொன்னார்.

நாலாம் நாள் மல்லிகா காரியம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பேசுகிறவருக்கு எப்படி எள்ளுத் தண்ணீர் இறைப்பது?

தணிகாசலம் என்னிடம் வந்தார். உன் விளையாட்டுக்கு ஒரு பெண்ணின் கல்யாணம்தான் கிடைத்ததா என்று கேட்டார். நான் செய்யவில்லை என்று சொன்னேன். யார் நம்புவார்கள்?

மாப்பிள்ளை பெட்டியையும் ஒயரையும் தூக்கிக்கொண்டு ஒரு ரேடியோ மெக்கானிக்கிடம் போனார். அவர் பிளேடால் ஒயரைக் கீறிக் காட்டிச் சிரித்தாராம். நல்ல ஒயரில் உள்ளே கம்பியைச் சுற்றி வலை மாதிரி ஒரு பின்னல் இருக்கும், வெளிச்சத்தத்தை அது உள்ளே விடாது. இதில் பின்னலே இல்லை. கடலில் படகுக்காரர்கள் வயர்லெஸ்ஸில் பேசுவதெல்லாம் இதற்குள் வந்து விழுகிறது. அவ்வளவுதான் விஷயம். மாப்பிள்ளை நல்ல ஒயர் வாங்கி வந்தார். பெட்டி வாயை மூடிக்கொண்டது. கிடாரும் அருமையாகக் கேட்டது, எலி கடித்த பெட்டி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

நான் போய் மல்லிகாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"ஒயரு வழியா வருதுன்னா, எங்கேருந்தோ வருதில்ல பெரியம்மா?"

"ஏதோ ஒரு போட்டுலேருந்து வருதுடி."

"மூணு மணிக்கு நம்ம ஊரு போட்டு எது கடல்ல நிக்கிது?"

கடலூர்ப் படகாக இருக்கும், பெரிய விசைப்படகாக இருக்கும் என்று என்னென்னவோ சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே சப்பென்று இருந்தது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. நல்லதென்று நினைத்துத்தான் செய்தேன். எல்லா அயோக்கியத்தனமும் அப்படித்தானே ஆரம்பிக்கிறது?

என் தம்பி மகன் ஏழுமலையின் படகில் வயர்லெஸ் செட் இருக்கிறது. மல்லிகா சந்தைக்குப் போன நேரம் பார்த்துப் பழைய ஒயரைப் போட்டு, அவனை மணலில் நிற்கிற படகிலிருந்து பேசச் சொல்லிப் பார்த்தேன். "அத்தை, இன்னிக்கு என்னா கொழம்பு" என்று பெட்டி கேட்டது. குரல் அடையாளமே தெரியவில்லை. போதும். அமாவாசையன்று காலை சரியாக எட்டு மணிக்கு நீ ரெண்டு தடவை செருமிவிட்டு, 'செய்யவேண்டியதைச் செய்' என்று மட்டும் சொல் என்றேன். அவன் முகம் வெளிறிப்போனது. தலையை மட்டும் ஆட்டினான்.

மல்லிகாவிடம் போய், நீயே அவரிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளேன் என்றேன். உடனே சரி என்றாள். அவளும் அதற்காகத்தான் காத்திருந்தாளோ என்னவோ.

அமாவாசை காலை. அன்றைக்கு எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. கரையில் ஐயர் எள்ளோடு காத்திருந்தார், தணிகாசலம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஏழுமலை விஷயத்தை மாப்பிள்ளையிடம் நான் சொல்லியிருக்கவில்லை. பழைய ஒயர் எங்கே என்று கேட்டார். கொல்லையில் துணி உலர்த்தக் கட்டியிருந்தேன். என் ரவிக்கையை எடுத்துவிட்டு அவிழ்த்துக் கொடுத்தேன்.

உர்ர்...

மல்லிகா தலைக்குக் குளித்துவிட்டு வந்திருந்தாள். அழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளிடம் பேசுகிற மாதிரி சாதாரணமாகப் பேசினாள்.

"பொண்ணுக்கு எடம் வந்திருக்கு. இன்னிக்கு ஒனக்குக் காரியம் செய்யணும்ங்கறாங்க. நீ இருக்கேன்னா செய்யமாட்டேன். எத்தினி வருசம்னாலும் இருப்பேன். எதுவானாலும் சொல்லிடு."

எட்டு அடித்தது. உறுமல் மட்டும்தான். பயல் ஏமாற்றிவிட்டானா? ஸ்பீக்கர் துணி மட்டும் மூச்சு விடுகிற மாதிரி லேசாக ஏறி இறங்கியது. சீக்கிரம் பேசித் தொலைடா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

செருமல். இன்னொரு செருமல்.

"...கரை தெரியுது..."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

"...கரை தெரியுது..."

அதோடு சரி. உறுமல்கூட நின்றுபோனது. ஸ்விட்ச் போட்டபடிதான் இருந்தது.

மல்லிகா கையை ஊன்றி எழுந்தாள்.

"சேந்துட்டாரு" என்றாள். "ஒயரக் கழட்டிடு தம்பி."

நேராகக் கரைக்கு நடந்தாள். தணிகாசலம் காரியத்தைச் செய்தார். தாலியை மல்லிகா தானே கழற்றிப் பால் கிண்ணத்தில் போட்டாள். யாரையும் தொடவிடவில்லை.

எனக்கு ஏழுமலைமேல் பெருமையாக இருந்தது. நான் சொல்லிக்கொடுத்த வசனத்தை மறந்தாலும் எவ்வளவு நல்ல வார்த்தை கண்டுபிடித்திருக்கிறான். எனக்கே தோன்றவில்லையே? கூட்டம் கலைந்ததும் தேடிப்போய் முதுகில் தட்டினேன்.

அவன் என் கண்ணைப் பார்க்கவில்லை.

"கோச்சுக்காதீங்க அத்தை. செத்தவன் மாரி பேச எனக்கு வாய் வரல. நேத்தே செட்டக் கழட்டி வீட்ல வச்சிட்டேன். ஒங்கள்ட்ட சொல்லப் பயந்துக்கினு காலையிலேருந்து கோயில் பின்னாடிதான் குந்தியிருந்தேன்."

செட் அவன் வீட்டு பீரோமேல்தான் இருந்தது. போய்ப் பார்த்தேன். பேட்டரி தனியாக, செட் தனியாக. கரையில் படகுகளையும் எண்ணினேன். ஒன்று குறையவில்லை.

மெக்கானிக்கைக் கேட்டால் கடலூர்ப் படகு என்பார். இருக்கட்டும். கடலூர்ப் படகுக்காரனுக்கும் கரை தெரியாதா என்ன? தெரியும். தெரியட்டும். ஆனாலும் அன்றிலிருந்து நான் மூன்று மணிக்கு அந்த அறையில் தனியாக உட்காருவதில்லை.

மல்லிகாவிடம் என் திருட்டுத்தனத்தைப் போன வாரம் ஒப்புக்கொண்டேன். எழுதட்டுமா என்றும் கேட்டேன். மகளின் கல்யாணப் பத்திரிகையை மடித்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. "எழுதுங்களேன், எனக்கென்னா" என்றாள்.

செடலில் மாப்பிள்ளை நல்ல ஒயரோடு பிரமாதமாக வாசித்தார். மட்டமான பெட்டியில் மனசு உட்கார்ந்துவிடவில்லை. வால்வுப் பெட்டிக்குத் திரும்பவும் பணம் சேர்க்கிறார். நேற்று அதன் பெருமையை எனக்கு விளக்கினார். வெளியிலிருந்து ஒரு சின்னச் சத்தம்கூட உள்ளே நுழையாதாம், அதற்குத்தான் அந்த விலையாம்.

யாருமே வரமுடியாத பெட்டிக்கா மாப்ள, அவ்வளவு விலை?