பூஜையில் வைத்த கை

என் வீட்டுக்காரர் எதற்கெடுத்தாலும் தேங்க்ஸ் சொல்வார். மனிதர்களுக்குச் சொன்னால் போகட்டும் என்று விடலாம். குழாய்க்குச் சொல்வார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அதன் தகரத்தில் ஒரு தட்டுத் தட்டி, "தேங்க்ஸ்ப்பா" என்பார். பீன்யாவில் ஒரு பட்டறையில் அவருக்கு டர்னர் வேலை. சாயங்காலம் கிளம்பும்போது லேத் மிஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அதற்கும் ஒரு தேங்க்ஸ். கல்யாணமான புதிதில் இதையெல்லாம் பார்த்துவிட்டு, பெங்களூர் மாப்பிள்ளை என்று சொல்லி ஒரு அரைக்கிறுக்கை என் தலையில் கட்டிவிட்டாயே என்று அம்மாவோடு ஒரு பாட்டம் சண்டை போட்டேன்.

அது தொண்ணூறுகளின் கடைசி. நாங்கள் ஒக்கலிபுரத்தில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். ஆறு வீடு, நடுவில் ஒரு முற்றம், ஆறுக்கும் சேர்த்து ஒரே குழாய். எங்கள் வீட்டில் மட்டும் ஒரு சட்டம் உண்டு. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் ஆளுக்கு ஒரு தேங்க்ஸ் சொன்ன பிறகுதான் சோற்றில் கை வைக்கலாம். ஒரு தடவை சொன்னதை மறுபடி சொல்லக்கூடாது. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். கார்மெண்ட்ஸில் நாள் முழுக்கக் காலர் தைத்துவிட்டு வந்து, பசியோடு உட்கார்ந்து, யாருக்கு நன்றி சொல்லலாம் என்று யோசிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்?

அரிசி, பருப்பு, மழை, வெயில் எல்லாம் சீக்கிரமே தீர்ந்துபோயின. அதற்கு அப்புறம்தான் கூத்து. ஒரு நாள் நான் எரிச்சலில், "எலிக்குத் தேங்க்ஸ். சோப்பைத் தின்னுச்சு, பட்டுப்புடவையை விட்டுச்சு" என்றேன். அவர், "பஸ்ல என் காலை மிதிச்சவன் ரப்பர் செருப்புதான் போட்டிருந்தான், பூட்ஸ் போடல. அவனுக்கு" என்றார். எங்கள் பெண் அப்போது ஒன்றாம் வகுப்பு. அவள், "எங்க கணக்கு மிஸ்ஸுக்கு வந்த காய்ச்சலுக்குத் தேங்க்ஸ்" என்றாள். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது. நன்றி சொன்னால் கஷ்டம் ஓடிப்போகும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். எங்கள் எலி ஓடிப்போகவில்லை. ஆனால் அது எலியாகவே இருந்தது, பெருச்சாளியாகவில்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அப்புறம் ஒரு நாள் காலையில் வேலைக்குப் போனவர் அரை மணியில் திரும்பி வந்தார். பட்டறை கேட்டில் பூட்டு. முதலாளி கம்பெனியையே மூடிவிட்டார். அன்றைக்கு ராத்திரி இவர் எதுவும் சொல்லாமல் சோற்றைப் பிசைந்தார். "அப்பா, தேங்க்ஸ் சொல்லாம சாப்பிடறீங்க" என்றாள் பெண். "இனிமே அது இல்லம்மா" என்றார். அவ்வளவுதான்.

முதல் வாரம் நாலு பட்டறை ஏறி இறங்கினார். அப்புறம் அதுவும் நின்றது. எதையும் தொட மாட்டார். ஃபேன் கிறீச்சிட்டது, குழாயில் வாஷர் தேய்ந்து ஒழுக ஆரம்பித்தது. ஒழுகுகிற சத்தம் கேட்டாலே ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர், யார் வீட்டுக் குழாயோ என்பதுபோலப் பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொள்வார். கெஞ்சினேன், திட்டினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

இதைக் கேள்விப்பட்டு ஆம்பூரிலிருந்து அவருடைய அண்ணன் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். அவருக்கு அங்கே மளிகைக் கடை. "குடும்பத்தோட வந்துடு, கடையில உட்கார்ந்துக்கோ. விஜயதசமி அன்னிக்குச் சாமான் ஏத்திக்க வண்டி அனுப்பறேன்" என்று. இவர் சரியென்று தலையை ஆட்டிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆம்பூர் மீது எனக்கு ஒரு விரோதமும் இல்லை. ஆனால் சத்தத்தை வைத்தே எந்த டூல் மழுங்கியிருக்கிறது என்று சொல்கிற மனிதர் துவரம்பருப்பு மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்தால், அப்படியே உட்கார்ந்தவராகத்தான் இருப்பார். அந்த வண்டியில் ஏறினால் எனக்குத் தெரிந்த அந்த அரைக்கிறுக்கு எனக்கு இனிமேல் இல்லை என்று பயந்தேன்.

விஜயதசமிக்கு முதல் நாள் ஆயுத பூஜை. எங்களுக்குத் தீபாவளியைவிடப் பெரிய நாள் அது. வருஷா வருஷம் குடும்பத்தோடு பட்டறைக்குப் போவோம். லேத்துக்கு மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலையும் ஸ்வீட் டப்பாவும் வாங்கிக்கொண்டு வருவோம். அந்த வருஷம் இவர் சுவரைப் பார்த்துப் படுத்து, போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். "அப்பா, நமக்குப் பூஜை இல்லையா?" என்று பெண் கேட்டதற்கு, "ஆயுதமே இல்லாத வீட்டுல என்ன பூஜை" என்று போர்வைக்குள்ளிருந்து பதில் வந்தது.

எனக்கு வந்ததே கோபம்! "ஆயுதம் இல்லாத வீடா இது? வாடி" என்று பெண்ணையும் சந்தனக் கிண்ணத்தையும் இழுத்துக்கொண்டு கிளம்பினேன். அரிவாள்மணைக்கு முதல் பொட்டு. கத்தரிக்கோல், குக்கர், ஸ்டவ், மிக்ஸி, கட்டில், கிறீச்சிடும் ஃபேன். வீட்டுக்குள் தீர்ந்துபோனதும் ஸ்டவ்வையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தோம். குடம், வாளி, குழாய். பக்கத்து வீட்டுப் பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவரவர் ஸ்டவ்வையும் குடத்தையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். துணி காயப்போடும் கொடிக்குப் பொட்டு, சாக்கடை குத்தும் கம்பிக்குப் பொட்டு, முற்றத்தில் தூங்கிக்கொண்டிருந்த நாய்க்கும் ஒரு பொட்டு. அது கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்கியது. நல்லவேளை, கக்கூஸுக்குப் பின்னால் இருந்த தண்ணீர் டிரம் யார் கண்ணிலும் படவில்லை. கற்பூரத்தட்டை எடுத்து எல்லாவற்றுக்கும் ஒரு சுற்றுக் காட்டினேன்.

தட்டோடு உள்ளே வந்தேன். போர்வைக்கு வெளியே அவருடைய இரண்டு கையும் நீட்டிக்கொண்டிருந்தன. நல்ல தூக்கம். கோபமா, குறும்பா, எனக்கே தெரியவில்லை. இரண்டு புறங்கையிலும் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, விரலிடுக்கில் சாமந்தி செருகி, கற்பூரமும் காட்டினேன். சூடு பட்டு எழுந்தவர், "இன்னாடி இது?" என்றார்.

"ஆயுத பூஜை. இத்தனை வருஷம் இந்த வீட்டுக்குச் சோறு போட்ட ஆயுதம் இதுதானே? நீங்க கும்பிடலைன்னா போங்க, நான் கும்பிட்டுட்டேன்" என்றேன். பதிலுக்கு நிற்காமல் வெளியே வந்துவிட்டேன்.

வெளியே வந்து, சமைக்கலாம் என்று ஸ்டவ்வில் கை வைத்தேன். "முட்டபாரது!" என்று ஒரு அலறல். எங்கள் ஓனரம்மா. கன்னடக்காரர், ஆனால் எங்களைத் திட்டித் திட்டியே தமிழ் கற்றுக்கொண்டவர். "ஏனம்மா, மங்களாரத்தி காட்டியாச்சல்வா? பூஜையில வெச்சதை நாளைக்குக் காலைல பூஜை பண்ணித்தான் எடுக்கணும். அதுவரைக்கும் தொடக்கூடாது!"

எல்லோருக்கும் தெரிந்த சட்டம்தான். பூஜையில் வைத்த ஆயுதத்துக்கு அன்றைக்கு ஓய்வு. எனக்கு இருந்த வேகத்தில் அது மண்டையில் ஏறவே இல்லை. ஆறு வீட்டு ஸ்டவ்வும் பூஜையில். குக்கர், கத்தி, குடம், வாளி எல்லாம் பூஜையில். அதற்குள் குழாயில் புஸ்ஸென்று காற்று வந்தது. இரண்டு நாளைக்கு ஒருமுறை வரும் கார்ப்பரேஷன் தண்ணீர், அன்றைக்கு வரவேண்டிய நாள்! திறக்க முடியாத குழாய், பிடிக்க முடியாத குடம். தேய்ந்த வாஷர் வழியாகத் தண்ணீர் தானாக ஒழுகிச் சாக்கடைக்குப் போவதை ஆறு வீட்டுப் பெண்களும் சுற்றி நின்று பார்த்தோம். பொட்டு வைத்த குழாய் அழகாகத்தான் இருந்தது.

அந்தச் சத்தம் கேட்டுத்தான் இவர் வெளியே வந்தார். குழாயைக் குனிந்து பார்த்தார். "வாஷர் போயிருக்கு" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினார்.

"முட்டபாரது!" என்றார் ஓனரம்மா. "குழாயும் பூஜையில, உன் கையும் பூஜையில."

"அட, ஒரு நிமிஷ வேலைம்மா!"

"நாளைக்குப் பண்ணு."

"தண்ணி வீணாப் போகுது. ரப்பர் வெட்டி வெச்சா முடிஞ்சுது" என்று இவர் குதிக்கிறார். எத்தனையோ நாள் அந்தக் குழாய் கெஞ்சியபோது திரும்பிப் பார்க்காத மனிதர்! செய்யாதே என்றதும் அவருக்குக் கை நமநமவென்று ஊறுகிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கப் பொத்துக்கொண்டு வந்து, முற்றத்திலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். என்னைப் பார்த்து மற்றவர்கள், அவர்களைப் பார்த்து ஓனரம்மா. கடைசியில் சாமந்திப் பூவோடு இருந்த இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு இவரும் சிரித்துவிட்டார்.

பகல் முழுக்க ஆறு வீட்டுக்கும் பொரி, கடலை, வாழைப்பழம்தான் சாப்பாடு. கை பூஜையில் இருப்பதால் பெண்தான் இவருக்கு ஊட்டிவிட்டாள். மூக்கு அரித்தால்கூட, "ஏய், கொஞ்சம் சொறிஞ்சு விடு" என்று என்னைக் கூப்பிட்டார். மத்தியானம், ஒரு நாள் முன்னதாகவே ஆம்பூர் டெம்போ வந்து நின்றது. டிரைவர் இறங்கி, "அண்ணே, இன்னிக்கே கட்டிலைக் கழட்டி வெச்சுடலாமா?" என்றான். இவர் கைகளைக் காட்டினார். பெண் கட்டிலின் பொட்டைக் காட்டினாள். பாவம், அவன் வண்டிக்கு அன்றைக்கு யாரும் பூஜை போட்டிருக்கவில்லை. எங்கள் லைன் பெண்கள் விடுவார்களா? வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரமும் காட்டிவிட்டார்கள். டெம்போவும் பூஜையில்! அவன் ஒன்றும் புரியாமல் பொரியை வாங்கிக்கொண்டு தின்ன ஆரம்பித்தான்.

ராத்திரி பொரித்தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். யாரும் கேட்கவில்லை. இவரே, "இன்னிக்கு அந்த வாஷருக்குத் தேங்க்ஸ், தேஞ்சு போனதுக்கு" என்றார். நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

விடிவதற்கு முன்பே எழுந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, ஓனரம்மா எப்போது பூஜையை முடிப்பார் என்று வாசலில் காத்திருந்தார். கற்பூரம் அணைந்த அடுத்த நொடி குழாயிடம் போனார். பழைய செருப்பிலிருந்து ரப்பரை வட்டமாக வெட்டி உள்ளே வைத்து மூடினார். ஒழுகல் நின்றது. டிரைவர் சாமான் கட்டுகிற கயிற்றுச் சுருளைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தான்.

விஜயதசமியன்று தொடங்கிய வேலை தொடர்ந்து வரும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. கயிற்றைப் பிடித்தபடி டெம்போவைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அப்புறம் கயிற்றை அவனிடமே கொடுத்து, "தம்பி, பீன்யா வரைக்கும் ஒரு நடை போலாமா?" என்றார்.

நானும் பெண்ணும் சும்மா இருப்போமா? பின்னால் ஏறிக்கொண்டோம். தும்கூர் ரோடு முழுக்க முதல் நாள் உடைத்த பூசணிக்காய். டெம்போ வழுக்கும்போதெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் வெறும் தகரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உருண்டோம். பெண் கூச்சல் போட்டாள். நானும் போட்டேன்.

பீன்யாவில் பாதிப் பட்டறைகள் மூடிக் கிடந்தன. ஒரு சின்ன ஷெட்டில் மட்டும் ஷட்டர் பாதி திறந்திருந்தது. உள்ளே மாலை போட்ட லேத், அதன் முன்னால் முதலாளி. அவருடைய டர்னர் பண்டிகைக்கு ஊருக்குப் போனவன் திரும்பவில்லை. நல்ல நாளில் மிஷினைக் கொஞ்சமாவது ஓட்டவேண்டும், ஓட்ட ஆள் இல்லை என்று யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தார். இவர் ஷட்டருக்கு வெளியே நின்று ஏதோ சொன்னார். முதலாளி மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். இவர் குனிந்து உள்ளே போனார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு லேத் உறுமியது. அதன் மேல், இரும்பு சீவுகிற சத்தம் ஒரே சீராக வந்தது.

"அக்கா, நேரமாகுது. போய்ச் சாமான் ஏத்திடலாமா?" என்றான் டிரைவர்.

"சாமான் எங்கயும் வரல தம்பி. நீ வெறும் வண்டியா ஊருக்குப் போ. பெரியவர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லிடு" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. பட்டறை மூடிய நாளிலிருந்து ஒரு சொட்டு விடாதவள், நட்டநடுத் தெருவில் டெம்போ மேல் நின்று தேம்பித் தேம்பி அழுதேன்.

பெண் பயந்துபோனாள். "ஏம்மா அழறே? அப்பாவுக்கு வேலை கிடைக்கலையா?"

"கிடைச்சுதா இல்லையான்னு எனக்குத் தெரியாதுடி" என்றேன். "அந்தச் சத்தத்தைக் கேளு. உங்கப்பா திரும்பி வந்துட்டாரு."