எலிகளுக்குப் பரிந்த கடைக்காரர்

தினமும் காலையில் கடையைத் திறக்கும் முன்பே ஆதிராஜ் தாத்தா எலிக்கூண்டைத் துண்டால் மூடித் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஏரிக்கரையில் கூண்டின் கதவைத் தூக்கி, உள்ளே இருப்பது இறங்கி ஓடும்வரை நின்றுவிட்டு வருவார். நாங்கள் ஜைனர்கள், ஊரில் நயினார் என்பார்கள்; உயிரைக் கொல்லக் கூடாது. அவர் கடையில் கொசுவத்தி கிடையாது, கரப்பான் மருந்து கிடையாது. கேட்பவர்களுக்கு, "அடுத்த தெருவுல கெடைக்கும்" என்று அவரே வழி சொல்லி அனுப்புவார்.

முழங்கால் வலி வந்த பிறகு ஏரிக்கரை தூரமாகிவிட்டது. பக்கத்துக் காலி மனையோடு திரும்பிவிடுவார். எலி அவருக்கு முன்னால் கடைக்கு வந்து சேர்ந்துவிடும்.

"அதே எலிதான் தாத்தா இது. காதைப் பாரு, கிழிஞ்சிருக்கு" என்பேன்.

"இருந்துட்டுப் போவட்டும். அது எத்தினி தின்னுடப் போவுது?"

தின்றது கம்மிதான். ஆனால் மூட்டையெல்லாம் ஓட்டை, ரவையில் புழுக்கை. எதிர்வீட்டுத் தமிழ்செல்வி ஒரு நாள் பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தாள்.

"நயினாரே, நாங்களும் நாலு காலோட பொறந்திருந்தா நல்ல சரக்கா குடுப்பீங்கபோல."

தாத்தாவே சிரித்துவிட்டார். சுனந்தா பாட்டி சிரிக்கவில்லை. அந்த மாதத்திலிருந்து தமிழ்செல்வி பெரிய கடைக்குப் போனாள். அவள் பின்னால் தெருவே போயிற்று.

இதற்காகவே காத்திருந்ததுபோல் சென்னையிலிருந்து அனந்த் சித்தப்பா வந்தார். "ஆளு வராத கடைக்கு ரெண்டு பேரு காவலா? தை பொறந்ததும் பூட்டிட்டு என்கூட வந்துடுங்க."

தாத்தா தலையாட்டினார். பாட்டிக்குச் சித்தப்பாவின் மூன்றாவது மாடி வீடு தெரியும். ஒரு கோடை முழுக்க அங்கே இருந்துவிட்டு, "பேசறதுக்குச் செவுருதான் இருக்குது" என்று திரும்பி வந்தவள். நாற்பத்தாறு வருஷமாக அவள் தெருவோடு பேசியது கடையில் உட்கார்ந்துதான்.

மார்கழியில் ஒரு நாள் துவரம்பருப்பு மூட்டையை நகர்த்தியபோது தாத்தா பார்த்தார். பெரியது ஒன்று, பாதி வளர்ந்த குட்டிகள் நான்கு. எல்லாம் செத்துக் கிடந்தன, பக்கத்தில் கடிபட்ட எலிமருந்துக் கட்டி.

சேதி கேட்டு நான் போனபோது ஷட்டர் இறங்கியிருந்தது. ஐந்தையும் தானே புதைத்துவிட்டு, குளித்து, ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தார். பொழுது சாய்ந்தபின் ஜைனர்கள் சாப்பிடுவதில்லை. அதனால் பாட்டி வெளிச்சம் இருக்கும்போதே தட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

"மருந்து எப்படி உள்ள வந்துச்சு?" என்றார் தாத்தா.

"தமிழ்செல்விகிட்ட சொல்லி வாங்கினேன். நான்தான் வெச்சேன்." தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "பாவம் எனக்கு வரட்டும். நீங்க சாப்புடுங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா சுனந்தா?"

"சென்னைக்குத் தலையாட்டறப்ப நீங்க எங்கிட்ட கேட்டீங்களா? எலிக்கெல்லாம் பாத்தீங்க. எனக்கு யாரு பாக்கறது?"

தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஜன்னலில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.

"நாளைக்குக் கடை தொறப்பீங்களா, மாட்டீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

அவர் சுவரைப் பிடித்து எழுந்தார். சோற்றுத் தட்டைத் தாண்டக் கூடாதென்று அதைச் சுற்றிக்கொண்டு, மெதுவாக உள்ளறைக்குப் போனார்.