திருத்தம் முன்வைக்கப்படவில்லை

பேசுவோர் நாவிலும் பேச இடமில்லாதோர் நெஞ்சிலும் ஒருங்கே வீற்றிருக்கும் பெருமானே, இதை எழுதும் கை பொய்யுரையாதபடி காத்தருள்வாய்.

பிறர் வாய் ஓயும்வரை தன் வாயைப் பூட்டி வைத்திருப்பதே சுருக்கெழுத்தர் தொழில். பென்சில் பிடித்து விரல் காய்த்துப்போன தோழர்களே, உங்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாலக்காட்டின் பழைய கோயில் தெருவில் பிறந்தவன் நான். தமிழில் பேசும் உறுப்பினர்களின் பேச்சைக் குறிக்க, ஓய்வுபெற்ற பிறகும் மாநிலச் சட்டமன்றம் என்னை அவ்வப்போது அழைக்கிறது. காலையில் நீராடிப் பதிகம் ஓதிவிட்டே சபைக்குப் போவேன். தொழிலாளர் உறவுச் சட்டத்தைத் திருத்தும் மசோதா வந்த நாள்களில், ஓதிப் பெற்ற அமைதி நண்பகல்வரைகூட நிற்கவில்லை.

மலை விடுதியில் இரண்டு நிமிடம்

மசோதாவை ஆராயும் குழு, இடுக்கி மலையில் ஓர் அரசு விடுதியில் கூடியது. நிர்வாகத்தோடு பேசும் உரிமை எந்தச் சங்கத்துக்கு என்பதைத் தொழிலாளர்களே ரகசிய வாக்கெடுப்பில் முடிவு செய்வார்கள் என்றது மசோதா. நல்லதுதான். ஆனால் அதே பிரிவின் கடைசி வரி, வாக்காளர் பட்டியலில் நிரந்தரத் தொழிலாளர் மட்டுமே இருப்பர் என்றது. தேயிலைத் தோட்டங்களில் மழை வலுத்தால் முதலில் வேலையிலிருந்து நிறுத்தப்படுவோர் தற்காலிகப் பெண்கள். அவர்களுக்காகப் பேச வேண்டிய சங்கத்தைத் தேர்ந்தெடுக்க அவர்களுக்கே வாக்கில்லை!

கொழுந்து கிள்ளும் பேச்சியம்மாள் என்ற பெண்மணி சாட்சி சொல்ல எழுந்தார். முந்திரிப்பருப்புத் தட்டை நகர்த்திக்கொண்டே, இரண்டு நிமிடத்தில் முடிக்கும்படி குழுத் தலைவர் சொன்னார். பேச்சியம்மாளுக்கு அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை. "பதினோரு வருசமா டெம்பரவரியாவே கெடக்கேன் ஐயா. இன்னும் எத்தனை வருசம் கிள்ளுனா என்னைய ஒரு ஆளுன்னு எழுதுவீங்க?"

எலப்புள்ளிக்காரர்

அடுத்த அமர்வு பாலக்காட்டில். ஒப்பந்தத் தொழிலாளர் இன்று இருப்பார், நாளை போய்விடுவார், அவருக்கு எதற்கு வாக்கு என்று ஆலை முதலாளிகள் சார்பில் வந்த ஒருவர் குளிர்ந்த குரலில் விளக்கினார். குழுவில் பலர் தலையாட்டினர். என் பென்சில் முனை அங்கேதான் முறிந்தது. தற்செயல் என்று சொல்ல மாட்டேன். பின்வரிசையில் இருந்த, பக்கத்து ஊரான எலப்புள்ளியைச் சேர்ந்த ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் அனுமதி கேளாமலே எழுந்தார். "ஏனுங்க, மிசினுக்குள்ள உட எங்க கை வேணும். ஓட்டுப் பொட்டிக்குள்ள உட மட்டும் வேண்டாமுங்களா?"

வாக்குறுதி

பேச்சியம்மாள் வாக்களிக்கும் எல்லையோரத் தொகுதியின் உறுப்பினர் (ஊரும் கட்சியும் வேண்டாம்) அவரிடம் வாக்குக் கொடுத்தார். தற்காலிகத் தொழிலாளரையும் பட்டியலில் சேர்க்கும் திருத்தத்தைத் தாமே முன்வைப்பதாகவும், குரல் வாக்கோடு விடாமல் ஒவ்வொருவர் வாக்கையும் எண்ணக் கோருவதாகவும் சொன்னார். எண்ணினால் யார் எதிர்த்தார் என்பது பெயரோடு பதிவாகும். அதற்கு அஞ்சியே பலர் ஆதரிப்பர் என்பது அவர் கணக்கு. பொது விவாதத்தன்று தமிழில் அரை மணி நேரம் முழங்கினார். என் கை ஓடிய வேகத்தில் கண்ணும் கலங்கியது. அருகிலிருந்த மலையாளச் சுருக்கெழுத்தர் தாமோதரன் என் கைக்குட்டையைப் பார்த்துவிட்டு, அழுவதைக் கரைவது என்னும் தம் மொழி கலந்து சொன்னார்: "சாமி, பிரசங்கத்துக்குக் கரைய வேண்டாம். வோட்டுக்கு ஆள் வரட்டே, அப்போ கரையலாம்."

அழைத்தபோது

பிரிவுகளை நிறைவேற்றும் நாளில் பேச்சியம்மாளும் மூன்று பெண்களும் பேருந்து மாறி மாறித் தலைநகர் வந்து, பார்வையாளர் மாடத்தில் அமர்ந்திருந்தனர். காலை முழுவதும் வேறொரு விவகாரத்தில் கூச்சல், வெளிநடப்பு, திரும்பி வருதல். பிற்பகலில் பிரிவுகள் விறுவிறுவென்று நகர்ந்தன. நம் பிரிவு வந்தது. சபாநாயகர் உறுப்பினர் பெயரை அழைத்தார். இருக்கை காலி. மறுமுறை அழைத்தார். இருக்கை காலி. அழைத்தபோது உறுப்பினர் இல்லையெனில் திருத்தம் இல்லை, அதுவே விதி. ஆதரிப்போர், எதிர்ப்போர் என்று கேட்கப்பட்டது. முனகல் போன்ற ஒரு குரல் எழுந்து, பிரிவு நிறைவேறியது. நீங்கள் ஒருமுறை தும்மி முடிப்பதற்குள் எல்லாம் ஆயிற்று.

'திருத்தம் முன்வைக்கப்படவில்லை' என்று என் கையே எழுதியது. எழுதிய கையை மறு கையால் பிடித்துக்கொண்டேன். மேலே பேச்சியம்மாள் எழுந்து நின்றுவிட்டார். காவல் பணிப்பெண் அவர் தோளை அழுத்தி, உட்காரச் சொல்லிக் கடிந்தார். பேச்சியம்மாளுடையது அடங்கிய குரல்தான், ஆனாலும் கீழே எனக்குக் கேட்டது: "நான் உக்காந்துக்கிடுதேன் தாயி. அங்க உக்கார வேண்டியவரு எங்கன்னு மட்டும் சொல்லு."

ஒரு பத்தி

பெயர் அழைக்கப்பட்டபோது உறுப்பினர் சிற்றுண்டிச் சாலையில் இருந்தார். யாரோ முக்கியஸ்தர் பழம்பொரி என்னும் வாழைப்பழப் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தாராம். பேச்சைத் திருத்திக்கொள்ள உறுப்பினர்களுக்கு எங்கள் படியைக் காட்டுவது வழக்கம். எழுத்துப் பிழை திருத்தத்தான் அந்த உரிமை. இவரோ அன்று மாலை எங்கள் அறைக்கு வந்து, தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டி, திருத்தத்தை முன்வைத்துத் தாம் ஆற்றியதாக ஓர் உரையைச் சேர்க்கச் சொன்னார். தோட்டத்தில் காட்ட வேண்டுமாம்.

"நீங்க பேசலையே. பேசாததை நான் எப்படி எழுதறது?" என்றேன். உரத்தே சொன்னேன், அந்த அறையில் நான் குரல் உயர்த்தியது அதுவே முதல் முறை. தாளை மடித்துக்கொண்டு அவர் சொன்னார்: "ஒரு பத்தி சேர்த்தா உங்க கை தேஞ்சிடுமா, பெரியவரே?"

வாயிற்படியில்

நான் வெளியே வந்தபோது நான்கு பெண்களும் வாயிலருகே நின்றிருந்தனர். உறுப்பினர் அவர்களிடம் விரைந்து போய்க் கைகூப்பினார். தம்மால் இயன்றவரை போராடியதாகவும், அரசு இணங்கவில்லை என்றும், அடுத்த கூட்டத்தொடரில் கட்டாயம் முயல்வதாகவும் சொன்னார். மாடத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்தவர்களிடம்! பேச்சியம்மாள் பையைத் தோளில் மாட்டியபடியே சொன்னார்: "எம்.எல்.ஏ.வைப் பொறுக்கி எடுக்க எனக்குப் புத்தி உண்டுங்கு சட்டம். சங்கத்தைப் பொறுக்க மட்டும் புத்தி பத்தாதுங்கு. ரெண்டுல ஏதோ ஒண்ணு தப்புன்னு நெனச்சேன். எதுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது ஐயா."

சட்டம் இயற்ற ஞானம் வேண்டுமா, கருணை வேண்டுமா என்று நெடுநாள் யோசித்தவன் நான். பழம்பொரி ஆறிப்போனாலும் பரவாயில்லை என்னும் மனம் ஒன்றே போதும் என்று இப்போது அறிந்தேன்.

இதைச் செவிமடுத்த ஒவ்வொருவருக்கும் தளராத உடலும், உழைக்குமிடத்தில் மதிப்பும், சொன்ன சொல்லில் நிற்கும் துணையும் இறையருளால் வாய்ப்பதாக.